வேருக்குள் ஒளிரும் காளான்: கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் நம்பத்தக்க படம் எடுக்கும் முறை

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்வார்கள். மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை (எண்ணெய்ப்பனை) முதன்முதலாக நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது, ஆண்டு 1917. செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்வார்கள் என்பதால், இங்குள்ள மண்ணில் பல தலைமுறை மரங்களின் அடிக்கட்டைகளும் வேர்களும் புதைந்து கிடக்கின்றன. அவற்றில் தங்கியிருக்கும் கானோடெர்மா போனினென்ஸ் என்னும் காளான் புதிய மரத்தின் வேரைத் தொற்றி, உள்ளே நுழைந்து, அடித்தண்டு அழுகல் நோயை உண்டாக்குகிறது. குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல் நிற்பதும், கீழ்மட்டைகள் பாவாடைபோல் தொங்குவதும், அடித்தண்டில் தட்டுத்தட்டாகக் காளான் முளைப்பதும் கண்ணுக்குத் தெரியும் வேளையில், தண்டின் உட்புறம் பெரும்பாலும் பாதி அழிந்திருக்கும்.

அறிகுறி வெளியே தெரிவதற்கு முன்பே காளான் வேருக்குள் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் நான் கான்ஃபோக்கல் நுண்ணோக்கியிடம் சென்றேன். வேர்களைத் தோட்டத்தில் எடுத்து, இங்குள்ள சிறிய ஆய்வறையில் பதப்படுத்திச் சாயமேற்றி, மணிக்கணக்கில் முன்பதிவு செய்த கருவி இருக்கும் நகரத்துக்குக் கொண்டு செல்வது என் வழக்கம். போகவே ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். கருவிக் கட்டணமும் குறைவன்று. இப்படிப் பலமுறை போய்வந்ததில் நான் உறுதியாகக் கண்டுகொண்டது ஒன்று உண்டு. படம் கருவியில் கெடுவதைவிட ஸ்லைடில் கெடுவதே மிகுதி. ஸ்லைடு சரியாக அமைந்துவிட்டால், கருவியின் முன் அமர்ந்து செய்ய வேண்டியதெல்லாம், சாயத்தில் இருக்கும் ஒளியைச் சிக்கனமாகச் செலவிடுவதுதான். எங்கள் ஊர் போன்ற ஊர்களிலிருந்து முதன்முதலாக இக்கருவியின் முன் அமரப்போகும் மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வேறு திசுவில் வேலை செய்பவர்களுக்கும் செய்முறையின் பெரும்பகுதி பொருந்தும்.

கருவி என்ன செய்கிறது

ஒரு சாயத்தின் மீது குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளி படும்போது, அதைவிட அலைநீளம் கூடிய ஒளியை அது உடனே உமிழ்வதை உடனொளிர்வு என்கிறோம். வழக்கமான உடனொளிர்வு நுண்ணோக்கியில் மாதிரியின் முழுத் தடிமனும் ஒருசேர ஒளிர்வதால், குவியத்தில் இல்லாத மேலடுக்கும் கீழடுக்கும் விடியற்காலைப் பனிபோல் படத்தின் மேல் படிந்துவிடுகின்றன. மார்வின் மின்ஸ்கி 1957-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கோட்பாட்டின்படி இயங்கும் இன்றைய கான்ஃபோக்கல் கருவிகளில், லேசர் ஒரு புள்ளியாகக் குவிந்து மாதிரியை வரிவரியாக வருடுகிறது. உணரிக்கு முன்னால் உள்ள ஊசித்துளை, குவியத் தளத்திலிருந்து வரும் ஒளிக்கு வழிவிட்டு மற்றதைத் தடுக்கிறது.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஊசித்துளை தடுப்பது மாதிரியிலிருந்து திரும்பி வரும் ஒளியைத்தான். மாதிரிக்குள் இறங்கும் லேசரை அது தடுப்பதில்லை. மேலடுக்கை நீங்கள் வருடிக்கொண்டிருக்கும்போதே கீழடுக்கின் சாயமும் லேசரில் நனைந்து வெளிறிக்கொண்டிருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் பல எச்சரிக்கைகளுக்கு இதுவே காரணம். மேலும், 5 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய சீவலைப் பார்ப்பதற்குக் கான்ஃபோக்கல் தேவையே இல்லை. சாதாரண உடனொளிர்வு நுண்ணோக்கியும் நல்ல கேமராவும் அதைக் குறைந்த நேரத்தில், குறைந்த செலவில் எடுத்துத் தரும்.

வேரைப் பதப்படுத்துதல்

வேரைத் தோண்டிய அதே மணி நேரத்தில் பதப்படுத்தத் தொடங்க வேண்டும். வெயிலில் காரின் பின்னிருக்கையில் பிளாஸ்டிக் பையில் கிடந்த வேர், மாலைக்குள் வேறு நுண்ணுயிர்கள் குடியேறிய வேராகிவிடும். மண்ணைக் கழுவி, அரை சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கி, பாஸ்பேட் கரைசலில் கலந்த 4 விழுக்காடு பாராபார்மால்டிஹைடில், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு அளவு திரவம் இருக்கும்படி, முழுக்கப் போட வேண்டும். செம்பனை வேரின் புறணியில் காற்றறைகள் நிறைய உண்டு என்பதால் துண்டுகள் மிதக்கும். மிதக்கும் துண்டுக்குள் மருந்து போகவில்லை என்று பொருள். ஒரு சிறிய வெற்றிடப் பம்பில் வைத்து, துண்டுகள் அடியில் தங்கும்வரை காற்றை உறிஞ்சி விடுங்கள். பிறகு 4 டிகிரி குளிரில் ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் அதே கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். பாராபார்மால்டிஹைடின் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். ஆவி உறிஞ்சும் பெட்டிக்கு வெளியே அதைத் திறக்கக் கூடாது.

சீவலுக்கு, அகரோஸ் என்னும் கூழில் பதித்த துண்டை அதிர்கத்திக் கருவியில் 80 முதல் 100 மைக்ரான் வரை வெட்டுவது சிறப்பு. அந்த வசதி இல்லாத இடத்தில் புதிய சவர அலகால் கையாலேயே வெட்டலாம். பத்துச் சீவலில் இரண்டு நன்றாக அமைந்தால் போதும். மெலிதாக வெட்டுவதைவிட மேற்பரப்பைச் சமமாக வெட்டுவதே முக்கியம். சாய்வாக வெட்டிய சீவலில் கவர் கண்ணாடி படியாது; ஒரு மூலை குவியத்தில் இருக்கும்போது மறு மூலை ஆழத்தில் போய்விடும்.

சாயமும் ஒப்பீட்டு மாதிரிகளும்

காளானின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. செடியின் செல்சுவரில் இல்லை. கோதுமை முளைக்கருவிலிருந்து எடுக்கப்படும் டபிள்யூ.ஜி.ஏ. என்னும் புரதம் கைட்டினைப் பற்றிக்கொள்ளும் என்பதால், அலெக்சா ஃப்ளுவர் 488 சாயம் இணைத்த டபிள்யூ.ஜி.ஏ.வைக் காளானுக்கும், புரொப்பீடியம் அயோடைடைச் செடியின் சுவருக்கும் பயன்படுத்துகிறோம். இரண்டையும் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரையான அளவில் தொடங்கி, உங்கள் திசுவுக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். சாயம் உள்ளே இறங்க மீண்டும் வெற்றிடப் பம்பு உதவும். சாயமேற்றிய பின் நன்றாகக் கழுவுங்கள். கழுவாமல் விட்ட சாயம் படம் முழுவதும் மங்கல் வெளிச்சமாகத் திரும்பி வரும். புரொப்பீடியம் அயோடைடு மரபணு இழையில் சென்று ஒட்டும் பொருள். கையுறையின்றி அதைத் தொடக் கூடாது.

இனிச் சொல்வது இந்தக் கட்டுரையிலேயே நான் அதிகம் வற்புறுத்தும் செய்தி. ஒவ்வொரு முறையும் நான்கு ஸ்லைடுகள் தயாராக வேண்டும்: சாயமே ஏற்றாத வேர், பச்சைச் சாயம் மட்டும் ஏற்றிய வேர், சிவப்புச் சாயம் மட்டும் ஏற்றிய வேர், இரண்டும் ஏற்றிய வேர். முதல் மூன்றும் இல்லாமல் நான்காவதை எடுத்துக்கொண்டு கருவியிடம் போக வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தோட்டக்காரரின் செம்பனை வேரை ஆராய்ந்தேன். "தம்பி, காளான் வேருக்குள்ள போயிருச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று அவர் கேட்டிருந்தார். வேரின் நடுப்பகுதியில் பச்சை இழைகள் சுருள்சுருளாக ஓடுவதைப் படத்தில் பார்த்துவிட்டு, காளான் நீர்க்குழாய் வரை நுழைந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்ட அவர் ஆள் பேசிவிட்டார். சாயமேற்றாத துண்டை அன்று நான் படமெடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, அதே வேரின் சாயமில்லாத துண்டை அதே அமைப்பில் வைத்துப் பார்த்தபோது, அதே சுருள்கள் அதே பச்சையில் தெரிந்தன. அவை காளானின் இழைகள் அல்ல; நீர்க்குழாய்ச் சுவரைக் கடினமாக்கும் லிக்னின் என்னும் பொருளின் இயல்பான தடிப்புகள். லிக்னின் சாயமின்றித் தானாகவே ஒளிரும். 405 நானோமீட்டர் லேசரில் நன்றாகவும், 488-இல் கணிசமாகவும் ஒளிரும். அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று, நான் சொன்னது தவறு என்று தெரிவித்தேன். அதற்குப் பிறகு சாயமற்ற ஸ்லைடு இல்லாமல் நான் கருவி அறைக்குள் நுழைந்ததில்லை.

ஐயம் எழும்போது அலைநீள வருடல் உதவும். ஒரே லேசரில் தூண்டி, உமிழ்வை 10 நானோமீட்டர் பட்டைகளாகப் பிரித்து எடுத்தால், அலெக்சா 488 சாயம் 520 நானோமீட்டர் அருகே கூர்மையான முகட்டைக் காட்டும். லிக்னினின் ஒளிர்வோ முகடின்றி அகலமாகப் பரந்து கிடக்கும். இலையில் வேலை செய்பவர்கள் பச்சையத்தையும் நினைவில் வைக்க வேண்டும். அது 680 நானோமீட்டர் அருகே வலுவாக ஒளிரும் என்பதால், சிவப்புச் சாயத்தின் உமிழ்வைச் சேகரிக்கும் பட்டையை 650-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. உருவத்தையும் பாருங்கள். காளானின் இழை சில மைக்ரான் தடிமன் கொண்டது, கிளைவிடும், செல்சுவரைத் துளைத்து அடுத்த செல்லுக்குள் போகும். லிக்னின் தடிப்பு குழாயின் சுவரை விட்டு விலகாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: டபிள்யூ.ஜி.ஏ. எந்தக் காளானின் கைட்டினையும் பற்றும். படம் "இங்கே காளான் இருக்கிறது" என்று சொல்லுமே தவிர, அது கானோடெர்மாதான் என்பதை வளர்ப்பு ஊடகமோ டி.என்.ஏ. சோதனையோதான் உறுதிப்படுத்த முடியும்.

கவர் கண்ணாடியும் பயணமும்

பொருளருகு லென்சுகள் 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கவர் கண்ணாடியைக் கணக்கில் கொண்டே வடிவமைக்கப்பட்டவை. பெட்டியில் 1.5 என்று அச்சிடப்பட்டிருப்பதையே வாங்குங்கள். 1 என்ற எண் கொண்டது மெல்லியது, 2 என்பது தடித்தது. இரண்டிலும் ஒளி சரியாகக் குவியாமல் படம் மங்கும், ஆழத் திசையில் நீண்டுபோகும். வேறுபாடு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதானே என்று எண்ண வேண்டாம்; என்.ஏ. (லென்சு ஒளி சேகரிக்கும் திறனைக் காட்டும் எண்) உயர்ந்த உலர் லென்சில், அதாவது திரவமின்றிக் காற்றில் இயங்கும் லென்சில், இது உடனே தெரியும். சீவலைக் கவர் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். சீவலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் திரவம் தேங்கினால், அந்த ஆழமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பதிக்கும் திரவத்தில் சாயம் வெளிறுவதைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பது நல்லது. ப்ரோலாங் கோல்டு போன்று இறுகும் வகைகளை, 24 மணி நேரம் இருட்டில் சமதளத்தில் வைத்து இறுகவிட்ட பிறகே பார்க்க வேண்டும். இறுகும்போதுதான் அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) உயர்ந்து, எண்ணெய் லென்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில் விடும் எண்ணெயின் எண்ணை நெருங்கி வருகிறது. எங்கள் ஈரப்பதத்தில் அது இறுகக் கூடுதல் நேரம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கருவி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஸ்லைடு தயாராகிவிடும்படி திட்டமிடுகிறேன். இறுகாத திரவமாயின் ஓரங்களை நகப்பூச்சால் அடைத்து, பூச்சு முழுக்கக் காயும்வரை பொறுத்திருங்கள். காயாத பூச்சு லென்சில் ஒட்டினால், பல்லாயிரம் ரிங்கிட் மதிப்புள்ள கண்ணாடி பாழாகும்.

ஸ்லைடுகளை அலுமினியத் தாளில் சுற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். ஆனால் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மேடையில் வைக்காதீர்கள். ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டவுடன் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர்த்துளிகளுக்கு மேல் எண்ணெய் விட்டால் இரண்டும் கலந்து, எவ்வளவு திருகினாலும் குவியம் கிடைக்காது. இருட்டுப் பெட்டியிலேயே அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் விடுங்கள். அதே அரை மணி நேரத்தில் லேசரும் சூடேறி நிலைத்துவிடும்.

லென்சைத் தேர்தல்

புதியவர்கள் உருப்பெருக்கத்தைப் பார்த்து லென்சைத் தேர்கிறார்கள். பார்க்க வேண்டியது லென்சின் உடலில் பொறித்திருக்கும் என்.ஏ. என்ற எண்ணை. எவ்வளவு நுண்ணிய விவரம் பிரிந்து தெரியும், எவ்வளவு ஒளி சேகரிக்கப்படும் என்ற இரண்டையும் அதுவே முடிவு செய்கிறது. 488 நானோமீட்டர் லேசரில், 20 மடங்கு, 0.8 என்.ஏ. உலர் லென்சு பக்கவாட்டில் ஏறக்குறைய 310 நானோமீட்டரைப் பிரித்துக் காட்டும். 63 மடங்கு, 1.4 என்.ஏ. எண்ணெய் லென்சு ஏறக்குறைய 180 நானோமீட்டரைப் பிரித்துக் காட்டும். ஆழத் திசையில் வேறுபாடு இன்னும் பெரிது: முன்னதற்கு ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல், பின்னதற்கு அதில் பாதிக்கும் குறைவு.

அப்படியானால் எப்போதும் எண்ணெய் லென்சையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேர்ச்சீவலில் அது சரிவராது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.518, நீரின் எண் 1.33. நீர்த்தன்மையுள்ள திரவத்தில் பதித்த திசுவுக்குள் எண்ணெய் லென்சால் பத்து இருபது மைக்ரானுக்குமேல் இறங்கினால், ஒளி வளைந்து சிதறி, படம் மங்கி வெளிச்சம் குன்றிவிடும். ஆழ அளவும் பொய்க்கும். ஆழமாகப் பார்க்க வேண்டியிருந்தால் நீர் லென்சையோ கிளிசரால் லென்சையோ கேளுங்கள். இல்லாவிட்டால் திசுவை எண்ணெய்க்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் கொண்ட திரவத்தில் பதியுங்கள். நான் முதலில் 20 மடங்கில் முழு வேரையும் பார்த்து, காளான் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே உயர்ந்த லென்சுக்கு மாறுகிறேன். எண்ணெய் ஒரு சிறு துளி போதும். எண்ணெய் பட்ட ஸ்லைடை மீண்டும் உலர் லென்சுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆகையால் உலர் லென்சில் எடுக்க வேண்டிய அனைத்தையும் முதலிலேயே எடுத்து முடித்துவிடுங்கள்.

இடத்தைக் கண்ணால் தேடும்போது எரியும் விளக்கும் சாயத்தை வெளிறச் செய்யும். வெளிச்சத்தைக் குறைத்துத் தேடுங்கள். கண்டுபிடித்தவுடன் விளக்கின் கதவை மூடிவிடுங்கள்.

ஒளியைச் செலவிடுதல்

என் தாயார் ரப்பர் மரத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்து உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் காயப்பட்டு, மறுபட்டை முண்டுமுடிச்சாக வளரும், பிறகு அங்கே சீராகச் சீவ முடியாது. இன்றைக்கு ஒரு கோப்பை கூடுதலாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தவரின் மரம் சில ஆண்டுகளில் வற்றிப் போவதை அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். லேசர் ஆற்றலைக் கூட்டும் சுட்டியின் மேல் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டைதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு சாய மூலக்கூறும் குறிப்பிட்ட அளவு ஒளியைத் தந்தபின் அழிந்துவிடும். அழிந்தது திரும்பாது, அதற்கு மறுபட்டையும் இல்லை.

ஊசித்துளையை ஓர் 'ஏரி' அலகில் (Airy unit: ஒரு புள்ளியின் ஒளி லென்சு வழியாக வந்து உண்டாக்கும் நடு வட்டத்தின் அளவு) வையுங்கள். எல்லா மென்பொருளிலும் அதற்கென ஒரு பொத்தான் உண்டு. ஒரு புள்ளியின் ஒளியில் ஏறக்குறைய 84 விழுக்காடு அந்த வட்டத்துக்குள் அடங்கும். துளையை அதற்குமேல் சுருக்கினால் கூர்மை சிறிது கூடும், ஒளியிழப்போ மிகப் பெரிதாக இருக்கும். சாயம் மிக மங்கலாக இருந்தால், 1.5 வரை அல்லது 2 வரை திறந்து, படலம் சற்றுத் தடிக்கட்டும் என்று ஏற்றுக்கொள்வது லேசரைக் கூட்டுவதைவிட நல்லது.

லேசரை 1 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவிலிருந்து தொடங்குங்கள். முதலில் கெயின் எனப்படும் உணரியின் பெருக்கத்தை நடுத்தர அளவுக்கு உயர்த்துங்கள். போதவில்லையெனில் லேசரைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். நிறத்தட்டில் வரம்பு காட்டும் வகையைத் தேர்ந்தால், அளவு மீறிய பிக்சல்கள் ஒரு நிறத்திலும் பூச்சியமாகிவிட்ட பிக்சல்கள் வேறொரு நிறத்திலும் தெரியும். 8 பிட் படத்தில் 255-ஐயும், 12 பிட் படத்தில் 4095-ஐயும் தொட்ட பிக்சலில் உண்மையான மதிப்பு என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பிக்சல் ஒன்றிரண்டுக்குமேல் இருக்கக் கூடாது. ஆஃப்செட்டை, அதாவது கறுப்பின் எல்லையை, பின்புலம் பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்குமாறு வையுங்கள்; பின்புலத்தைக் கன்னங்கரேலென்று ஆக்கினால் மங்கலான காளான் இழைகளும் அதோடு மூழ்கிவிடும். அளவிடும் நோக்கமிருந்தால் 8 பிட்டை விட்டு 12 அல்லது 16 பிட்டில் எடுங்கள்.

இந்த அமைப்புகளை உங்களிடமுள்ள மிகப் பிரகாசமான ஸ்லைடில் தீர்மானியுங்கள். நோயற்ற வேரில் தீர்மானித்துவிட்டு நோயுற்ற வேருக்குப் போனால் பிக்சல்கள் நிரம்பி வழியும். அப்போது அமைப்பை மாற்றினால் முன்பு எடுத்தவை ஒப்பிட உதவா. தீர்மானித்த பிறகு நான்கு ஸ்லைடுகளுக்கும் லேசர், கெயின், ஆஃப்செட், ஊசித்துளை, வருடும் வேகம் ஆகியவை ஒன்றாகவே இருக்க வேண்டும். சாயமற்ற ஸ்லைடு கறுப்பாகத் தெரிகிறதே என்று அதற்கு மட்டும் கெயினைக் கூட்டினால், ஒப்பீட்டு மாதிரி ஒப்பீட்டு மாதிரியாக இருக்காது.

பிக்சலின் அளவு, லென்சு பிரிக்கும் தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும்: மேற்சொன்ன 1.4 லென்சுக்கு 75 முதல் 80 நானோமீட்டர், 0.8 லென்சுக்கு ஏறக்குறைய 130 நானோமீட்டர். மென்பொருளின் ஜூமை இதற்குமேல் கூட்டினால் புதிய விவரம் எதுவும் வராது. சிறிய இடத்தில் அதே லேசர் குவிந்து சாயம் வேகமாக வெளிறும், அவ்வளவுதான். படம் மணல் தூவியதுபோல் இரைச்சலாக இருந்தால் சராசரி எடுக்கலாம். நான்கு முறை வருடிச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும். அதையும் பாதியாக்க 16 முறை வருட வேண்டும். நான்குக்குமேல் நான் போவது அரிது.

இரு நிறமும் ஆழ அடுக்கும்

பச்சையையும் சிவப்பையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். 488 லேசர் புரொப்பீடியம் அயோடைடையும் தூண்டும். பச்சைச் சாயத்தின் உமிழ்வு வாலும் சிவப்புப் பட்டைக்குள் நீளும். முதலில் 488 லேசரில் 500 முதல் 540 வரையும், அடுத்து 561 லேசரில் 580 முதல் 630 வரையும் தனித்தனித் தடங்களாக வருடுங்கள். அதன் பிறகும் கசிவு இருக்கிறதா என்று அறிய, ஒற்றைச் சாய ஸ்லைடுகளை இரு தடத்திலும் எடுத்துப் பாருங்கள்: சிவப்பு மட்டும் ஏற்றிய வேர் பச்சைத் தடத்தில், சாயமற்ற வேர் காட்டும் அளவுக்குமேல் எதையும் காட்டக் கூடாது.

ஆழ அடுக்கு (ஒரே இடத்தை வெவ்வேறு ஆழங்களில் எடுக்கும் படத்தொடர்) எடுக்குமுன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 40 அடுக்கு, நான்கு முறை சராசரி என்றால், ஒரு லேசர் மாதிரியை 160 முறை வருடும். ஒரு வருடலுக்கு 2 விநாடி எனில் ஒரு தடத்துக்கு 320 விநாடி. இரு தடத்துக்கும் பத்து நிமிடத்திற்கு மேல். முன்பே சொன்னபடி, நாற்பதாவது அடுக்கின் சாயம் தன் முறை வருவதற்கு முன்பே மற்ற அடுக்குகளுக்காகப் பாய்ந்த லேசரைத் தாங்கியிருக்கும். ஆகவே அடுக்குகளின் எண்ணிக்கையைத் தேவைக்குமேல் பெருக்காதீர்கள். முப்பரிமாண உருவம் வேண்டுமானால் 1.4 லென்சில் 0.2 மைக்ரான் இடைவெளியும், 0.8 உலர் லென்சில் 0.4 முதல் 0.5 மைக்ரான் இடைவெளியும் பொருத்தம். காளான் எந்தச் செல் வரிசை வரை போயிருக்கிறது என்பது மட்டுமே கேள்வியானால் 2 மைக்ரான் இடைவெளியே போதும்.

வெளிறியதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. அடுக்கு முழுவதையும் எடுத்து முடித்தவுடன், முதல் அடுக்கை அதே அமைப்பில் மீண்டும் ஒருமுறை எடுத்து, இரண்டின் சராசரி வெளிச்சத்தையும் ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்திருந்தால், லேசரையோ சராசரியையோ குறைத்து, அதே வேரில் இதுவரை லேசர் படாத வேறொரு இடத்தில் மீண்டும் தொடங்குகிறேன்.

சேமித்தல், திருத்துதல்

கருவியின் சொந்தக் கோப்பு வடிவத்திலேயே சேமியுங்கள். லேசர் ஆற்றல் முதல் பிக்சல் அளவு வரை எல்லாம் அதனுள் பதிவாகியிருக்கும். ஜேபெக் வடிவம் தகவலை அழித்துச் சுருக்குவதால், ஆய்வுப் படத்துக்கு அது கூடாது. ஏற்றுமதி செய்ய டிஃப் வடிவம் போதும். வீட்டில் வேலை செய்ய ஃபிஜி என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களின் கோப்புகளை அது நேரடியாகத் திறக்கும். ஒப்பிடும் படங்களுக்கு வெளிச்ச வரம்பை எண்ணால் ஒன்றாகவே அமையுங்கள். தானியங்கிப் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு படத்தையும் அது வெவ்வேறு அளவில் நீட்டிவிடும். அளவுகோல் கோட்டைப் படத்திலேயே போடுங்கள். நிறங்களுக்குப் பச்சையும் மெஜந்தாவும் தேர்ந்தால், சிவப்பு பச்சை பிரித்தறிய இயலாதவர்களும் படத்தைப் படிக்க முடியும்.

எழுதும்போது லென்சின் என்.ஏ., லேசர் அலைநீளம், சேகரித்த பட்டை, ஊசித்துளை அளவு, பிக்சல் அளவு, அடுக்கின் இடைவெளி ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். படத்தைப் பார்ப்பவர் அதை மீண்டும் எடுத்துச் சரிபார்க்க இவை இல்லாமல் முடியாது.

எழுந்து வருமுன்

எங்கள் நாட்டில் லென்சுக்கு மிகப் பெரிய பகை ஈரம். துடைக்காமல் விட்ட எண்ணெயிலும் விரல் ரேகையிலும் பூஞ்சை பிடித்து, கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். லென்சுத் தாளால் ஒரே திசையில் மெல்ல ஒற்றி எடுங்கள். டிசுத் தாளோ சட்டை நுனியோ கூடாது. கழற்றி வைக்கும் லென்சுகளுக்கு, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர் பெட்டி வேண்டும். பிற்பகல் இடிமழை வரும் மாதங்களில் நான் காலை நேரத்தையே முன்பதிவு செய்கிறேன். நீண்ட ஆழ அடுக்கின் நடுவில் மின்சாரம் போனால் கோப்பும் போகும், சாயமும் போயிருக்கும். அணைக்கும்போது லேசரை முதலில் நிறுத்தி, அதன் குளிர்விசிறி ஓய்ந்த பிறகே முதன்மை இணைப்பைத் துண்டியுங்கள்.

ஸ்லைடுகளை அன்றே கழுவிவிட வேண்டாம். கருவி அறையின் சிறு திரையில் சரியாகத் தெரிந்த படத்தில், வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கும்போது ஓர் ஐயம் எழுவது வழக்கம். அந்த இழை உண்மையிலேயே சுவரைத் துளைத்துப் போகிறதா, அல்லது சுவரின் மேல் படர்ந்திருக்கிறதா என்று. படங்கள் முழுவதையும் பார்த்து முடிக்கும்வரை நான்கு ஸ்லைடுகளையும், எந்த வேர், எந்த மரம், எந்த நாள் என்ற குறிப்புடன், 4 டிகிரி குளிரில் இருட்டில் வைத்திருங்கள்.